வென்ஃப்ளான் போட்ட கையை எப்படிப் பார்க்கணும்? (புதுசா வார்டுக்கு வந்தவங்களுக்கு)

வென்ஃப்ளான் (ட்ரிப்ஸ் ஏத்த ரத்த நரம்புல போடுற சின்னக் குழாய்) குத்துறதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுடுறேன். போட்டப்புறம் அந்தக் கையை எப்படிப் பார்க்கணும்னு மட்டும் சொல்றேன், ஏன்னா நான் தப்பு பண்ணது அங்கதான்.

முதல்ல கேளுங்க, "அம்மா, கை கடுக்குதா, எரியுதா?" மயக்கத்துல இருக்கவங்களும் குழந்தைங்களும் சொல்ல மாட்டாங்க, அவங்ககிட்ட அடிக்கடி போகணும்.

அடுத்து ரெண்டு கையையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. புக்ல சிவந்திருக்கும்னு போட்டிருக்கும், ஆனா நம்ம கறுப்புத் தோல்ல சிவப்பு சட்டுனு தெரியாது, சுத்தி இருக்கிறதைவிட கொஞ்சம் கருத்துதான் தெரியும். அதனால கிளவுஸ் இல்லாம புறங்கையால தொட்டுப் பாருங்க. சில்லுனு, தோல் விறைப்பா வீங்கியிருந்தா ட்ரிப்ஸ் சதைக்குள்ள இறங்குது. சூடா, நரம்பு கயிறு மாதிரி தட்டுப்பட்டு, தொட்டாலே வலிச்சா அது ஃப்ளெபைட்டிஸ், அதாவது ரத்த நரம்பு அழற்சி.

ஒரு நைட் டியூட்டில ஒரு பாட்டிக்கு சலைன் மெதுவா ஓடுச்சு, பாட்டிலை இறக்கிப் பார்த்தேன், டியூப்ல ரத்தம் ஏறுச்சு, சரி லைன் உள்ளதான் இருக்குன்னு போயிட்டேன். விடிஞ்சு பார்த்தா கண்ணாடி வளையல் சதைல புதைஞ்சு முழங்கை வரைக்கும் வீக்கம், வளையலை உடைச்சுதான் எடுத்தோம், பாட்டி அழுதது இன்னும் காதுல இருக்கு. ரத்தம் திரும்பி வந்தாலும் நரம்புல ஓட்டை விழுந்து வெளிய கசியலாம். ரத்தத்தை நம்பாதீங்க, கையைத் தொடுங்க. வளையல், மோதிரத்தை முதல்லயே கழட்டிடுங்க.

ஃப்ளெபைட்டிஸ் எவ்வளவு இருக்குன்னு மார்க் போடுறதுதான் விஐபி ஸ்கோர், 0லிருந்து 5 வரை. வலி, சிவப்பு, வீக்கம், இதுல ரெண்டு இருந்தாலே ஸ்கோர் 2, உடனே எடுத்துட்டு வேற இடத்துல போடணும், "இந்த ஒரு டோஸ் போகட்டும்"னு இழுக்காதீங்க.

ஆனா நார்அட்ரினலின், கால்சியம் குளுக்கோனேட் மாதிரி சதையைக் கெடுக்கிற மருந்து நரம்புக்கு வெளிய போனா மட்டும் உடனே உருவாதீங்க! நிறுத்திட்டு, ஃப்ளஷ் பண்ணாம (சலைன் தள்ளாம), சிரிஞ்ச் வச்சு வந்த வரைக்கும் உறிஞ்சுங்க, டாக்டரைக் கூப்பிடுங்க. நார்அட்ரினலினுக்கு ஐஸ் வைக்கவே கூடாது, ஏற்கனவே சுருங்கின ரத்தக்குழாய் இன்னும் சுருங்கிடும்.

சிவப்பு பரவுது, காய்ச்சலும் இருக்குன்னா செல்லுலைட்டிஸா (தோலுக்கு அடில பரவுற கிருமித் தொற்று) இருக்கலாம். ஓரத்துல பேனாவால கோடு போட்டு நேரம் எழுதுங்க, கோட்டைத் தாண்டுதான்னு அடுத்த ஷிஃப்ட்ல பார்ப்பாங்க.

ஒட்டுறதுக்கு எனக்கு டிரான்ஸ்பரன்ட் டிரெஸ்ஸிங்தான். பிளாஸ்டரைச் சுத்தி மூடிட்டா குத்தின இடமே தெரியாது.

பின் சேர்த்தது: எடுத்து ரெண்டு நாள் கழிச்சு வலிக்குதேன்னு ஒருத்தங்க கமெண்ட்ல கேட்டிருந்தாங்க. ஆமா, எடுத்தப்புறமும் 48 மணி நேரத்துக்குள்ள ஃப்ளெபைட்டிஸ் வரலாம். டிஸ்சார்ஜ் ஆகும்போதே வீட்டு ஆளுங்ககிட்ட சொல்லி அனுப்புங்க, சூடோ சீழோ தெரிஞ்சா திரும்பக் கூட்டிட்டு வரட்டும்.