ட்ராமா தெரபி செஷன் முடிந்ததும் என்ன செய்வது?

ட்ராமாவுக்கு, அதாவது ஆறாத மனக்காயத்துக்கு, இ.எம்.டி.ஆர். என்ற தெரபிக்குப் போகத் தொடங்கிய புதிதில், செஷன் முடிந்த கையோடு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கிண்டியில் வேளச்சேரிப் பக்கம் திரும்ப வேண்டியவன், பல்லாவரம் வந்த பிறகுதான் எங்கே போய்க்கொண்டிருக்கிறேன் என்றே உறைத்தது. அடிபடாமல் வீடு சேர்ந்தது என் சாமர்த்தியத்தால் அல்ல. இப்போதெல்லாம் ஆட்டோதான்.

இ.எம்.டி.ஆர். என்பது அமெரிக்க உளவியலாளர் பிரான்சின் ஷாப்பிரோ 1987இல் தொடங்கிவைத்த முறை. பழைய நினைவு ஒன்றை மனதில் நிறுத்தி, தெரபிஸ்ட்டின் விரல் இடமும் வலமுமாக அசைவதைக் கண்ணால் பின்தொடர வேண்டும். பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் நடக்கும். ஆனால் கிளறிவிட்ட மனம் மணி பார்த்து அடங்காது. ஓரிரு நாள் அசதி, எரிச்சல், காரணமில்லாத அழுகை, விசித்திரமான கனவு எல்லாம் வரலாம். வேறு வகை ட்ராமா தெரபிக்குப் போகிறவர்களுக்கும் கீழே சொல்வது பொருந்தும்.

படி 1: முந்தின நாளே ஏற்பாடு

வேலையில் பாதி இதுதான். இரண்டு ஆபீஸ் மீட்டிங்குக்கு நடுவே செஷனைச் செருகாதீர்கள். நான் செய்து பார்த்துவிட்டேன், வேண்டாம். செஷனுக்குப் பின் குறைந்தது இரண்டு, மூன்று மணி நேரம் சும்மா இருக்கட்டும். சாப்பாட்டுக்கும் வழி செய்துவிடுங்கள். தயிர் சாதம் போதும், ஆனால் தயாராக இருக்க வேண்டும்.

படி 2: அறையை விட்டு எழும் முன்

கடைசிப் பத்து நிமிடம் நினைவை மூடிவைப்பதற்கு. முடியாமல் நிற்கும் காட்சியை ஒரு பெட்டிக்குள் போட்டுப் பூட்டுவதாகக் கற்பனை செய்யச் சொல்வார்கள். எனக்கு வாய்த்தது பாட்டியின் தகர ட்ரங்குப் பெட்டி; மூடும்போது அது போடும் கிரீச் சத்தம்கூடக் கேட்கும். முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. தெரபிஸ்ட் நேரமாகிவிட்டது என்று அவசரப்படுத்தினால், "ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன்" என்று தயங்காமல் கேளுங்கள்.

படி 3: வெளியே வந்ததும் கால் மணி நேரம்

உடனே போனை எடுக்க வேண்டாம். நான் தெருமுனை டீக்கடை பெஞ்சில் உட்காருவேன். கண்ணாடி டம்ளரின் சூடு விரலில் ஏறும். வடைச் சட்டியில் எண்ணெய் பொரியும் சத்தம், போகிற பஸ்ஸின் நம்பர், செருப்புக்கடியில் நெருடும் ஜல்லி என்று ஒவ்வொன்றாக மனதுக்குள் பெயர் சொல்லிக்கொள்வேன். உடம்பு இருக்கும் இடத்துக்கு மனம் வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் மூச்சு: நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். விடும் மூச்சு நீளும்போது இதயத்துடிப்பு சற்றுத் தணியும். கண்ணை மூடினால் சிலருக்குப் பழைய காட்சி திரும்ப வரும். அப்படியானால் திறந்தே வைத்துக்கொள்ளலாம்.

படி 4: வீட்டில்

குளியல், சாப்பாடு, லேசான நடை. "இன்றைக்கு மட்டும் ஒரு கட்டிங்" என்று தோன்றும்; அதைத் தள்ளிப்போடுங்கள், தூக்கத்தைக் கெடுக்கும். வன்முறைச் செய்திகளும் அன்றைக்கு வேண்டாம்.

வீட்டாரின் கேள்விதான் சங்கடம். "ஏன்டா முகம் இப்படி இருக்கு?" என்பார் அம்மா. முழுக் கதையும் சொல்ல வேண்டியதில்லை. "களைப்பா இருக்கும்மா, நாளைக்குப் பேசறேன்" என்பது பொய்யும் இல்லை.

படி 5: இரவு

கெட்ட கனவில் விழித்தால் விளக்கைப் போட்டு, பாதத்தைத் தரையில் பதித்து, இன்றைய தேதியையும் இருக்கும் ஊரையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். காலையில் கனவைப் பற்றி இரண்டு வரி குறித்தால் போதும். பக்கம் பக்கமாக எழுதினால் தனியாக உட்கார்ந்து இன்னொரு செஷன் நடத்தியது போலாகிவிடும்.

சரி, இரண்டு மூன்று நாளாகியும் தணியவில்லை, தூக்கமே இல்லை என்றால் அடுத்த செஷனுக்காகக் காத்திராமல் தெரபிஸ்ட்டைக் கூப்பிடுங்கள். உயிரை விடும் எண்ணமோ, உங்களைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்தால் உடனே அருகில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416க்குப் பேசுங்கள். இந்தியாவில் 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். இலங்கையில் கூப்பிட வேண்டிய எண் 1926.

அந்த இரண்டு வரிக் குறிப்பை அடுத்த செஷனுக்கு எடுத்துப்போக மறக்காதீர்கள். என்னுடையது பெரும்பாலும் ஆட்டோவுக்குச் சில்லறை தேடும்போதுதான் சட்டைப் பையில் அகப்படும்.