வேறு மொழிக்காரர்களோடு சாட்டில் பேசுவது எப்படி

ஒருமுறை "ஓகே" என்று எழுதி, பக்கத்தில் ஒரு முற்றுப்புள்ளி வைத்து அனுப்பினேன். அரை மணி நேரம் பதில் இல்லை. அப்புறம், "நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" என்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. எழுதியவனுக்கு 19 வயது, வேறு நாடு, வேறு தாய்மொழி. ஒரு இலவச மென்பொருளை ஆளுக்கொரு மொழியில் பெயர்க்கிற குழுவில் நாங்கள் இருவரும் இருந்தோம். அவன் அனுப்பியிருந்த திருத்தம் அருமையாக இருந்தது, எனக்கோ கையில் வேறு வேலை, அதனால் ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். அவன் அந்தப் புள்ளியைத்தான் படித்திருக்கிறான். முகத்தில் கதவைச் சாத்தின மாதிரி இருந்ததாம்.

அந்த அரை மணி நேரம் அவன் என்ன பாடுபட்டிருப்பான் என்று நினைத்தால் இன்றைக்கும் சங்கடமாக இருக்கிறது. நேரில் பேசும்போது முகமும் குரலும் பாதி வேலையைச் செய்துவிடும். சாட்டில் அந்த வேலையைப் புள்ளி, சிரிப்பு எழுத்து, எமோஜி, பதில் வர ஆகிற நேரம் எல்லாம் சேர்ந்து செய்கின்றன, இவற்றுக்கு மொழிக்கு மொழி, வயதுக்கு வயது அர்த்தம் மாறும், எந்த அகராதியிலும் இருக்காது. ஆங்கிலம் நன்றாக எழுதுகிறவர்கள்கூடச் சறுக்குகிற இடம் இது. விளையாட்டுக் குழுவோ, ஆன்லைன் வகுப்போ, வேறு நாட்டுத் தோழியோ, யாரோடு பேச ஆரம்பித்தாலும் நான் செய்கிறவற்றைச் சொல்கிறேன்.

முதலில் அவர்கள் எப்படிச் சிரிக்கிறார்கள் என்று பாருங்கள்

புதுக் குழுவில் சேர்ந்ததும் ஒரு வாரம் எழுதுவதைக் குறைத்துப் படிப்பதைக் கூட்டுங்கள். அப்படிப் படிக்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது சிரிப்பு. ஒருவர் எப்போது சிரிக்கிறார், எதற்குச் சிரிக்கவில்லை என்று தெரிந்தால் பாதிப் பழக்கம் வந்த மாதிரி.

தாய்லாந்துக்காரர்கள் 555 என்று எழுதுவார்கள். அவர்கள் மொழியில் ஐந்துக்கு 'ஹா' என்று பெயர், ஆகவே அது ஹாஹாஹா. அதே 555-ஐ ஒரு சீன நண்பர் எழுதினால் அழுகிறார் என்று அர்த்தம். சீனத்தில் ஐந்து 'வூ', மூன்று தடவை சேர்த்துச் சொன்னால் விசும்புகிற சத்தம். ஒருவர் தேர்வில் தோற்றுப்போனதைச் சொல்லிக் கடைசியில் 555 போட்டிருக்க, தாய்லாந்துச் சிரிப்பை மட்டும் தெரிந்துவைத்திருக்கிற நீங்கள் பதிலுக்குச் சிரித்து வைத்தால் அந்த மனிதருக்கு எப்படி இருக்கும்? மூன்று இலக்கம்தான், நட்பே முறிந்துபோகலாம்.

ஸ்பானிஷில் 'ஜே' எழுத்துக்கு 'ஹ' மாதிரி ஒலி, அதனால் ஜஜஜ என்று தெரிவது அவர்களுடைய ஹஹஹ. பிரேசில்காரர்கள் 'கே' எழுத்தை வரிசையாக அடுக்குவார்கள். கொரியர்கள் தங்கள் எழுத்தில் 'க்' ஒலியை அடுக்குவார்கள், ஆனால் அங்கே எண்ணிக்கை முக்கியம்: நாலைந்து போட்டால் நல்ல சிரிப்பு, ஒன்றே ஒன்று போட்டால் ஏளனமாகவோ வேண்டாவெறுப்பாகவோ படும். ஜப்பானியர் 'சிரிப்பு' என்பதற்கான தங்கள் சொல்லின் முதல் ஒலியான 'டபிள்யூ'வை மட்டும் எடுத்து வரிசையாகப் போட்டார்கள், அது பார்க்கப் புல் முளைத்த மாதிரி இருந்தது, கடைசியில் 'புல்' என்று பொருள் தரும் 'குசா' என்ற சொல்லே சிரிப்பு ஆகிவிட்டது. (மொழி வளர்வதைக் கண்ணெதிரே பார்க்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.) ரஷ்யர்கள் வெறும் அடைப்புக்குறியை ))) என்று போட்டால் தட்டச்சுப் பிழை என்று நினைக்காதீர்கள், புன்னகை முகத்தின் கண்ணை விட்டுவிட்டு வாயை மட்டும் வைத்திருக்கிறார்கள்.

எண்களையும் சும்மா கடந்து போகாதீர்கள். சீனத்தில் 88 என்றால் 'பை பை', 520 என்றால் 'உன்னைக் காதலிக்கிறேன்' என்பதற்குக் கிட்டத்தட்ட ஒத்த ஒலி, 666 என்றால் 'அசத்திட்டே' என்கிற பாராட்டு. கிறிஸ்தவ மரபில் 666 சாத்தானோடு சேர்த்துப் பேசப்படுகிற எண், ஆகவே விளையாட்டின் நடுவே ஒரு சீன இளைஞர் அதைப் போட்டதும் இன்னொருவர் முகம் சுளித்தால் இரண்டு பேர் மேலும் தப்பில்லை. அரபு இளைஞர்கள் ஆங்கில எழுத்தில் தங்கள் மொழியை எழுதும்போது சொல்லுக்கு நடுவே 3, 7 என்று வரும். ஆங்கிலத்தில் இல்லாத ஒலிகளுக்கு அந்த எண்கள் நிற்கின்றன.

இதையெல்லாம் உடனே நீங்களும் எழுத ஆரம்பிக்க வேண்டாம். புரிந்துகொள்வதற்கு அவர்களுடைய சிரிப்பு, எழுதுவதற்கு உங்களுடைய சிரிப்பு, அதுவே போதும். நன்றாகப் பழகியபின் தானாக ஒட்டிக்கொள்ளும்.

எமோஜியை மட்டும் நம்பாதீர்கள்

எமோஜி உலகப் பொதுமொழி என்று பலர் நினைக்கிறார்கள். 1999-இல் ஜப்பானின் என்டிடி டோகோமோ நிறுவனத்துக்காக ஷிகெடகா குரிதா உருவாக்கிய 176 குட்டிப் படங்களிலிருந்து அந்த வழக்கம் பெரிதாகப் பரவியது, 2010-இல் உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோட் அமைப்பு தன் பட்டியலில் எமோஜிகளைச் சேர்த்தது, அதன்பின் உலகம் முழுக்கப் போய்விட்டது. ஆனால் யூனிகோட் கொடுப்பது ஒரு எண்ணும் ஒரு பெயரும், ஒரு மாதிரிப் படமும்தான். உங்கள் திரையில் வருகிற படத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வரைகிறது. நீங்கள் அனுப்பிய முகமும் அவர் பார்க்கிற முகமும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 2016-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஒரு முகம் ஒரு போனில் மகிழ்ச்சியாகவும் இன்னொரு போனில் பல்லைக் கடிக்கிற மாதிரியும் பட்டது. அதைவிட முக்கியம், ஒரே படத்தைப் பார்த்தவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

வயது வேறு நடுவில் வருகிறது. கண்ணீர் வரச் சிரிக்கும் முகத்தை 2015-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் ஆண்டின் சொல்லாகவே தேர்ந்தெடுத்தார்கள், சில வருடங்களில் இளசுகள் அதைப் பெரியவர்கள் சமாச்சாரம் என்று தள்ளிவிட்டு, சிரிப்புக்கு மண்டை ஓட்டைப் போட ஆரம்பித்தார்கள். 'சிரிச்சே செத்துட்டேன்' என்று பொருள். தெரியாத ஒருவர் பார்த்தால் மிரட்டல் என்று நினைக்கலாம். சீன இளைஞர்களிடம் லேசாகப் புன்னகைக்கும் முகத்தை அனுப்பினால் 'போதும், பேசாதே' என்கிற எரிச்சலாகத் தெரிய வாய்ப்பு உண்டு. அவர்களுடைய பெற்றோரோ அதையே அன்பாக அனுப்புகிறார்கள். கைகூப்பும் படம் ஒருவருக்கு நன்றி, ஒருவருக்குக் கெஞ்சல், ஒருவருக்குப் பிரார்த்தனை.

கட்டைவிரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கனடாவில் தானியம் வாங்கும் ஒரு நிறுவனம் ஒரு விவசாயிக்கு ஒப்பந்தத்தின் படத்தைப் போனில் அனுப்பி உறுதி செய்யச் சொன்னது, அவர் கட்டைவிரலை உயர்த்தும் எமோஜியை அனுப்பினார். 'கிடைத்தது' என்று மட்டும்தான் சொன்னேன் என்பது அவர் வாதம். 2023-இல் சஸ்காட்செவன் நீதிமன்றம் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டு, தானியத்தைத் தராததற்காக அவரைச் சுமார் 82,000 கனடிய டாலர் கொடுக்கச் சொன்னது. ஆகவே பணம், தேதி, வாக்குறுதி என்று வருகிற இடத்தில் சொல்லால் எழுதுங்கள்: "பார்த்துவிட்டேன், இன்னும் முடிவு செய்யவில்லை." எமோஜி வேண்டுமானால் அதன் பின்னால் வரட்டும்.

புள்ளியும் அதே கதைதான். அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், ஒற்றைச் சொல் பதிலின் முடிவில் புள்ளி இருந்தால் மாணவர்கள் அதில் உண்மையான ஆர்வம் குறைவு என்று எண்ணினார்கள். அதே பதிலைக் கையால் எழுதிக் காட்டியபோது அந்த வித்தியாசம் இல்லை. ஜப்பானில் பெரியவர்கள் அனுப்பும் மெசேஜின் புள்ளி இளைஞர்களை மிரட்டுகிறது என்று 2024-இல் பெரிய பேச்சாகி, அதற்கு 'மருஹரா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். நீளமான வாக்கியத்தில் புள்ளி வைப்பதால் ஒன்றும் ஆகாது. ஒரு சொல், இரண்டு சொல் பதிலில் மட்டும் விட்டுவிடுங்கள், முடிந்தால் இன்னும் இரண்டு சொல் சேர்த்துக்கொள்ளுங்கள்: "ஓகே, நல்லா வந்திருக்கு". அன்றைக்கு நான் எழுதியிருக்க வேண்டியது அது.

ஸ்லாங் வார்த்தையை வாயில் போடும் முன்

இளைஞர்கள் பேசும் புதுச் சொல்லைப் பார்த்ததும் எடுத்து வீசத் தோன்றும். பொறுங்கள். ஆங்கில இணையத்தில் ஓடும் சொற்களில் நிறைய, 'ஸ்லே' (அசத்துவது), 'ஷேட்' (குத்திப் பேசுவது), 'வோக்' (அநீதியைப் பற்றி விழிப்பாக இருப்பது) உட்பட, அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சிலிருந்தும், கறுப்பின, லத்தீன் திருநர்களும் தற்பால் ஈர்ப்பாளர்களும் உருவாக்கிய 'பால்ரூம்' என்கிற ஆடை, நடனப் போட்டி வட்டத்திலிருந்தும் வந்தவை. அவற்றைப் பேசியதற்காகவே கேலிக்கும் ஒதுக்கலுக்கும் ஆளானவர்கள் இருக்கிறார்கள், பிறகு அதே சொல்லை விளம்பரங்கள் எடுத்துக்கொண்டபோது அவர்கள் பெயர் எங்கும் இல்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். பயன்படுத்தவே கூடாது என்று சொல்லவில்லை, எங்கிருந்து வந்தது என்று தெரிந்து பயன்படுத்துங்கள், 'இணைய மொழி' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள்.

ஒரு சொல்லின் எடை தெரிய வேண்டுமானால் "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்காதீர்கள், அரைகுறையாகத்தான் பதில் வரும். "இதை உன் ஆசிரியரிடம் சொல்வாயா? உன் பாட்டியிடம்? தம்பியிடம்?" என்று கேளுங்கள். அந்த மூன்று பதிலில் மரியாதை, வயது, நெருக்கம் எல்லாம் வெளியே வந்துவிடும். கொரியன், ஜப்பானியம் மாதிரி வினைச்சொல்லிலேயே மரியாதை ஏறியிருக்கிற மொழிகளில் இது ரொம்ப அவசியம். அங்கே நட்பாகப் பேசுகிறோம் என்று நினைத்து எடுத்த எடுப்பில் நெருக்கமான வடிவத்தை எழுதினால் 'நீ, வா, போ' என்று முன்பின் தெரியாதவரைக் கூப்பிட்ட கதைதான்.

மொழிபெயர்ப்புக் கருவியோடு வேலை செய்யும்போது

2017 அக்டோபரில் ஒரு பாலஸ்தீனத் தொழிலாளி தன் படத்தோடு முகநூலில் அரபியில் காலை வணக்கம் போட்டார். முகநூலின் தானியங்கி மொழிபெயர்ப்பு அதை ஹீப்ருவில் 'அவர்களைத் தாக்கு' என்று மாற்றியது. இஸ்ரேல் போலீஸ் அவரைக் கைது செய்து விசாரித்து, தப்பு தெரிந்தபின் விட்டது. கருவிகள் அதன்பின் எவ்வளவோ தேறிவிட்டன, இருந்தாலும் சின்ன வாக்கியமும் பேச்சுவழக்கும்தான் இன்றும் அவற்றைத் தடுமாற வைக்கின்றன.

தமிழிலிருந்து மாற்றும்போது மூன்று விஷயம் கவனியுங்கள். நாம் 'யார்' என்பதை விட்டுவிட்டு எழுதுவோம்: "நாளைக்குத் தரணும்". யார் யாருக்குத் தர வேண்டும்? கருவி தானாக ஒரு ஆளைப் போட்டுக்கொள்ளும், பல நேரம் தப்பான ஆளை. "நான் உங்களுக்கு நாளை கோப்பைத் தருகிறேன்" என்று முழுசாக எழுதுங்கள். அப்புறம் 'அவர்'. தமிழில் அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது, ஆங்கிலத்தில் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது, பெயரையே எழுதிவிடுங்கள். மூன்றாவது, வழக்குச் சொற்கள். "உயிரை வாங்காதே" என்று செல்லமாகத் திட்டுவதை ஒரு கருவி கொலை விவகாரமாக்கிவிடலாம். "தலை சுத்துது" என்றால் உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள்.

மாற்றியதை அப்படியே ஒட்டாமல், வேறொரு கருவியில் போட்டுத் தமிழுக்குத் திருப்பிப் பாருங்கள், ஏனென்றால் அதே கருவி தன் தவறைத் தானே மறைத்துவிடும். முக்கியமான மெசேஜ் என்றால் மொழிபெயர்ப்புக்குக் கீழே தமிழ் மூலத்தையும் சேர்த்து அனுப்புங்கள், அவர் பக்கத்தில் யாராவது படித்துச் சொல்லக்கூடும்.

தேதிக்கு 04/05 என்று எழுதவே எழுதாதீர்கள், அமெரிக்கருக்கு அது ஏப்ரல் 5, நமக்கு மே 4. மாதத்தின் பெயரை எழுதுங்கள், நேரத்தோடு யாருடைய நேரம் என்பதையும் எழுதுங்கள்.

தப்பாகப் போய்விட்டால்

போகும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் போகும். பதில் திடீரென்று குறுகிவிட்டாலோ, வழக்கமான சிரிப்பு காணாமல் போனாலோ இரண்டு நாள் காத்திருந்து மனசுக்குள் கதை கட்ட வேண்டாம். அதற்கு முன்னால் அவர் ஊரில் இப்போது மணி என்ன என்று பாருங்கள், தூங்கிக்கொண்டிருக்கலாம். இல்லையென்றால் நேராகக் கேளுங்கள். நான் எழுதுவது இப்படி: "நான் சற்றுமுன் எழுதியது உங்கள் மொழியில் கடுமையாகத் தெரிந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். நான் சொல்ல வந்தது இது." அதன்பின் சொல்ல வந்ததை ஒரே வாக்கியத்தில். "நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள்" என்று ஆரம்பித்தால் பாரம் முழுக்க அவர் தலையில் விழும், அது வேண்டாம். விஷயம் பெரிதாகத் தெரிந்தால் 20 நொடிக் குரல் மெசேஜ் அனுப்புங்கள். உச்சரிப்பு எப்படி இருந்தாலும் குரலில் இருக்கிற தயக்கமும் அன்பும் போய்ச் சேரும்.

அந்த 19 வயதுப் பையனுக்கு அன்றைக்கே அப்படி எழுதினேன். புள்ளி என் பள்ளிப் பழக்கம், உன் திருத்தம் எனக்கு ரொம்பப் பிடித்தது என்று. அவன் தன் பக்கத்திலிருந்தும் ஒன்று சொன்னான்: நான் அனுப்பும் நீளமான "மிக்க நன்றி"களைப் பார்த்து, நான் அவனைத் தள்ளியே வைத்திருக்கிறேன் என்று மாதக்கணக்கில் நினைத்திருக்கிறான். இப்போது குழுவின் பொதுக் கோப்பில் முதல் பக்கத்தில் ஒவ்வொருவரும் தங்களைப் பற்றி இரண்டு வரி எழுதி வைத்திருக்கிறோம். என்னுடையது: "வாக்கியம் முடிந்தால் புள்ளி வைப்பேன், கோபம் இல்லை. கோபம் வந்தால் வாய் திறந்து சொல்வேன்." அவனுடையது: "மண்டை ஓடு என்றால் சிரிக்கிறேன். மூன்று நாள் பதில் இல்லை என்றால் தேர்வு."