முன்பள்ளிக்குப் போகும் முன் வீட்டில் பழக்க வேண்டியவை

ஜனவரியில் முன்பள்ளி தொடங்குகிறது என்றால் நவம்பரிலேயே பழக்க ஆரம்பியுங்கள். மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ‘ஏடு தொடக்கியாயிற்று டீச்சர், பிள்ளை அ, ஆ எழுதுவான்’ என்று பெற்றோர் பெருமையோடு அழைத்து வருகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு ஸ்வெட்டரைக் கழற்றத் தெரியாது. எழுத்தை எங்களிடம் விட்டுவிடுங்கள். தரம் ஒன்றுக்குப் போக ஐந்து வயது நிறைய வேண்டும். அதுவரை காலம் இருக்கிறது.

முதலில் உடை. ஜனவரி காலையில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி படியும். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் பிள்ளைக்கு வியர்க்கும். ஆகவே, முன்பக்கம் திறக்கும் ஸ்வெட்டராக வாங்குங்கள். அதைத் தரையில் விரித்து, உட்பக்கம் மேலே தெரிய, கழுத்துப் பகுதி பிள்ளையின் காலடியில் இருக்கும்படி வையுங்கள். பிள்ளை குனிந்து இரு கைகளையும் நுழைத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பின்னால் போட்டால், ஸ்வெட்டர் சரியாக முதுகில் விழும். ஒரு வாரத்தில் பழகிவிடுவார்கள். சப்பாத்துக்கு ஒரு படத்தை இரண்டாக வெட்டி, இடம் வலமாக உள்ளே ஒட்டுங்கள். படம் சேர்ந்தால் கால் சரி.

அடுத்தது சாப்பாட்டுப் பெட்டி. கடையில் வாங்கும்போதே பிள்ளையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ரொட்டியைச் சிறு துண்டுகளாக்கி, அவித்த கௌபிப் பயறு கொஞ்சம் வைத்து, வீட்டிலேயே ஓரிடத்தில் அமர்ந்து தானாகச் சாப்பிடச் செய்யுங்கள். சிந்தினால் சிந்தட்டும். மாலையில் ரொட்டிக்கு மாவு பிசையும்போது ஓர் உருண்டையைப் பிள்ளையின் கையிலும் கொடுங்கள். பென்சில் பிடிக்க வேண்டிய விரல்கள் அதில் பலப்படும்.

கழிப்பறைக்கு வீட்டில் என்ன சொல் சொல்கிறீர்களோ, அதை டீச்சரிடமும் சொல்லிவையுங்கள். சொல் புரியாமல் ஈரமான காற்சட்டைகளை நிறையப் பார்த்துவிட்டேன். பொத்தான் வேண்டாம், இலாஸ்டிக் போதும்.

இனி, பிரிவு. இதற்குத்தான் அதிக நாள் வேண்டும். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்கு நேரமாகிறது என்று, பிள்ளை விளையாடும் நேரம் பார்த்துச் சொல்லாமல் நழுவிவிடாதீர்கள். திரும்பிப் பார்க்கும்போது அம்மா இல்லையென்றால், மறுநாள் அந்தப் பிள்ளை சேலையை விடவே விடாது. டிசம்பரில் அம்மாயியிடமோ (அம்மாவின் அம்மா) பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) அத்தையிடமோ முதலில் அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். பிறகு இரண்டு மணி நேரம். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டே போங்கள். ‘பதினொன்றரைக்கு வருவேன்’ என்றால் மூன்று வயதுக்கு விளங்காது. ‘சாப்பிட்டு, விளையாடி, பாட்டுப் பாடி முடிந்ததும் அம்மாயி வருவாள்’ என்றால் விளங்கும். யார் வருவார் என்று சொன்னீர்களோ அவரே வர வேண்டும். வாசலில் ஒரு முத்தம், ஒரு கையசைப்பு, அவ்வளவுதான். அழுகிறதே என்று திரும்பி வந்தால் அழுகை இரட்டிப்பாகும். கதவுக்கு வெளியே நின்று கண்ணைத் துடைக்கும் தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். உள்ளே பிள்ளை அதற்குள் மணலில் கை வைத்திருக்கும்.

தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். மூன்று வயதில் போடும் எம்.எம்.ஆர். ஊசி (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கானது) விடுபட்டிருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதியும் தயாராக இருக்கட்டும்.

கடைசி வாரம், போகப்போகும் பாதையில் காலையில் இருமுறை நடந்து போய்வாருங்கள். எங்கே காலில் அட்டைப்பூச்சி ஏறும், எங்கே லொறி வரும் என்று காட்டுங்கள். இரவு எட்டு மணிக்குப் படுக்க வையுங்கள்.

முதல் இரண்டு வாரம் வீட்டுக்கு வந்து சிணுங்கலாம், படுக்கையை நனைக்கலாம். திட்டாமல் எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள். மாலையில் ‘என்ன படித்தாய்?’ என்று கேட்க வேண்டாம். ‘யார் பக்கத்தில் உட்கார்ந்தாய்?’ என்று கேளுங்கள். அதற்குப் பதில் வரும்.