போட்டி ரோபோவின் எடையை எங்கே வைப்பது?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளில் மோட்டார் சைக்கிளில் ஏறுபவர், பின்னால் ஒருவர் அமர்ந்தால் பின்சக்கரம் சரளையிலும் எளிதில் வழுக்காததைக் கவனித்திருப்பார். ரோபோவிலும் பிடிமானத்தின் உச்சவரம்பு, உராய்வுக் குணகத்தை (சக்கரமும் தரையும் எவ்வளவு பற்றிக்கொள்ளும் என்பதைக் காட்டும் எண்) சக்கரத்தின் மீது அழுந்தும் விசையால் பெருக்கினால் கிடைப்பதே. எனவே இரு சக்கரங்களை மட்டும் மோட்டார் சுழற்றினால், மற்றவை தாங்கும் எடை இழுவைக்கு உதவாது.

முதலில் அளந்துவிடுங்கள். இயக்கச் சக்கரங்களுக்கு அடியில் எடை மெஷினையும், மற்றவற்றுக்கு அதே உயரத்தில் பலகையையும் வைத்து, காட்டும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பேட்டரியை நகர்த்துங்கள்: பின்சக்கரங்களை மோட்டார் சுழற்றும், அச்சுகளுக்கிடையே 60 செ.மீ. இடைவெளியுள்ள ரோபோவில் 6 கிலோ பேட்டரியை 20 செ.மீ. பின்னுக்குத் தள்ளினால், 6 × 20 ÷ 60, அதாவது 2 கிலோ, முன் அச்சிலிருந்து பின் அச்சுக்கு மாறும். இதைச் செய்து பார்க்காமல் விலை உயர்ந்த சக்கரம் வாங்குவது, என் கருத்தில், காசுக்குக் கேடு.

ஆனால் அளவு மீறக்கூடாது. வேகமெடுக்கையில் எடை தானாகவே பின்னோக்கிச் சாயும். ஈர்ப்பு மையம் உயரமாக இருந்தால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும் என்பதால், கனமான பாகங்களைத் தரையை ஒட்டியே பொருத்துங்கள்.

எல்லாச் சக்கரங்களும் இயங்கும் ரோபோவில் நேரான இழுவை பெரிதாக மாறாது, திரும்புவதுதான் மாறும். ஆறு சக்கர அமைப்பில் நடுச்சக்கரங்களைச் சுமார் 3 மி.மீ. தாழ்த்தி, எடையை நடுவுக்கு அருகில் வைத்தால், ஓரச் சக்கரங்கள் பக்கவாட்டில் உரசுவது குறையும்.