பேண்டுக்கு ஆம்ப் வாங்குமுன்: ஸ்பீக்கர் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரிகர்சலுக்குப் புதிதாக வரும் பையன்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி இது: "அண்ணா, ட்ரம்ஸ் ஆரம்பிச்சா என் கிட்டாரே கேக்கல. நூறு வாட் ஆம்ப் வாங்கிடவா?" (ஆம்ப் என்றால் கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்.) ஒரு காலத்தில் நானும் இப்படிக் கேட்டவன்தான். கேபிளைச் சரியாகச் சொருகு, பேட்டரியைப் பார் என்பதையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். காசைத் தின்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

வாட்டை மட்டும் பார்ப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

கல்லூரி பேண்டில் வாசிக்கும் தம்பி ஒருவன் வைத்திருந்தது 20 வாட் ஆம்ப், 8 இன்ச் ஸ்பீக்கர். சத்தம் பத்தவில்லை என்று அதைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு 40 வாட் வாங்கி வந்தான். "டபுள் பவர்" என்று கடையில் சொன்னார்களாம். உள்ளே இருந்த ஸ்பீக்கரோ அதே 8 இன்ச். ட்ரம்மர் க்ராஷ் சிம்பலை ஓங்கி அடித்ததும் பழையபடி ஆளைக் காணோம்.

வாட்டை இரட்டிப்பாக்கினால் சத்த அளவில் கூடுவது 3 டெசிபெல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகப் படச் சுமார் 10 டெசிபெல் வேண்டும். அதாவது பத்து மடங்கு வாட். அதே 3 டெசிபெல்லை ஸ்பீக்கரை மாற்றியே வாங்கிவிடலாம். ஒவ்வொரு ஸ்பீக்கரின் விவரத் தாளிலும் சென்சிடிவிட்டி என்று ஓர் எண் இருக்கும்: ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் என்பது. செலஸ்டியன் நிறுவனத்தின் 12 இன்ச் ஸ்பீக்கர்களிலேயே ஜி12எம்-65 க்ரீம்பேக் 97 டெசிபெல், வின்டேஜ் 30 என்பது 100. முன்னதைக் கழற்றிப் பின்னதை மாட்டினால் 50 வாட் ஆம்ப் 100 வாட் ஆனதற்குச் சமம். இந்த எண்ணை யாரும் கேட்டு வாங்கி நான் பார்த்ததில்லை.

அளவும் சேர்ந்துகொள்கிறது. ஸ்பீக்கரின் முன்னால் தெரியும் கூம்பு 12 இன்ச் என்றால் அதன் பரப்பு 8 இன்ச்சைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அவ்வளவு கூடுதல் காற்றைத் தள்ளும். வாக்ஸ் ஏசி30 ஆம்ப் வெறும் 30 வாட்தான். ஆனால் அதில் 100 டெசிபெல் செலஸ்டியன் ப்ளூ இரண்டு, இரண்டுமே 12 இன்ச். குயீன் பேண்டின் கிட்டாரிஸ்ட் பிரையன் மே மேடையில் வாசிப்பது அதில்தான். (அவர் பல ஆம்ப்களை வரிசையாக அடுக்கி வைப்பார், அது வேறு கதை.)

அந்தத் தம்பியின் ஆம்புக்குப் பின்னால் வெளி ஸ்பீக்கருக்கான சாக்கெட் இருந்தது. அறையில் கிடந்த ஒற்றை 12 இன்ச் கேபினெட்டில் (ஸ்பீக்கர் மட்டும் இருக்கும் பெட்டி) இணைத்தோம். ட்ரம்மர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "பழைய ஆம்பிலும் இந்த ஓட்டை இருந்துச்சுண்ணா" என்றான் தம்பி. விற்றாயிற்றே!

10 இன்ச்சைச் சின்னதென்று ஒதுக்குவது

ஒரே ஒரு 10 இன்ச் என்றால் ட்ரம்ஸோடு மல்லுக்கட்டும், உண்மைதான். நான்கு சேர்ந்தால் இரண்டு 12 இன்ச்சைவிடப் பரப்பு அதிகம். 1950களின் பிற்பாதியில் வந்த ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்பில் இருந்தது நான்கு 10 இன்ச். பேஸ் கிட்டாருக்காகச் செய்ததைக் கிட்டார்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். பேஸுக்கு 15 இன்ச்தான் வேண்டும் என்பவர்களுக்கு: 1969இல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி.யின் கேபினெட்டில் எட்டு 10 இன்ச்.

தனியாக வாசித்துப் பார்த்து முடிவெடுப்பது

கடையில் ஆம்பின் பேஸை (அடித்தொனி) ஏற்றி மிட்டைக் (நடுத்தொனி) குறைத்தால் எந்த ஆம்பும் கம்பீரமாக இருக்கும். கிட்டாரின் தடித்த தந்தியான கீழ் ஈ 82 ஹெர்ட்ஸ். அந்தப் பக்கமெல்லாம் பேஸ் கிட்டாரும் கிக் ட்ரம்மும் முன்பே குடியேறிவிட்டன. பேண்டில் உங்களுக்கு மிஞ்சும் இடம் மிட்தான். அதை ஏற்றி வைத்துக் கேட்டுப் பிடித்தால் வாங்குங்கள்.

முட்டிக்கு வாசிப்பது

கிட்டார் ஸ்பீக்கரின் ட்ரெபிள் (உச்சத் தொனி) நேர்கோட்டில் பாயும். கூம்பு பெரிதாக ஆக இன்னும் குறுகும். ஆம்பைத் தரையில் வைத்துப் பக்கத்தில் நின்றால் உங்களுக்கு மந்தமாகக் கேட்கும், ட்ரெபிளை ஏற்றுவீர்கள், முன்வரிசை காதைப் பொத்தும். நாற்காலியில் ஏற்றுங்கள், அல்லது பின்னால் சாய்த்து வையுங்கள்.

முதல் கேபினெட்டே நான்கு 12 இன்ச்

ஆட்டோவில் ஏறாது.

ஓம் பார்க்காமல் மாட்டுவது

ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு. வால்வ் (கண்ணாடிக் குழாய்) ஆம்பில் எத்தனை ஓம் போட்டிருக்கிறதோ அத்தனை ஓம் ஸ்பீக்கர். ஸ்பீக்கரே இல்லாமல் ஆன் செய்து வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ட்ரான்சிஸ்டர் ஆம்பில் குறிப்பிட்டதற்குக் கீழே போகாதீர்கள். ஸ்பீக்கர் தாங்கும் வாட்டையும் பாருங்கள்: 25 வாட் தாங்கும் க்ரீன்பேக் ஸ்பீக்கர் ஒன்றை மட்டும் 50 வாட் ஆம்பில் மாட்டி முழுசாகத் திறந்தால் காயில் கருகும்.

மைக் உண்டா என்று கேட்காமல் போவது

மேடையில் ஆம்புக்கு முன்னால் மைக் உண்டென்றால் 20 வாட், ஒரு 12 இன்ச் போதும். மைக்கைக் கூம்பின் நட்டநடுவில் வைக்க விடாதீர்கள்; சற்றுத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.