டொக்கரில் ஒரு வெப் அப் டெம்ப்ளேட்: நோட்டும் போஸ்ட்கிரஸும்

டொக்கர் என்பது ஓர் அப்பை, அதற்குத் தேவையானவற்றோடு சேர்த்து, கொன்டெய்னர் என்ற தனி அறைக்குள் ஓடவிடும் மென்பொருள். கணினியில் டொக்கர் டெஸ்க்டொப் இருந்தால் போதும். ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்டையோ, டேட்டாபேஸான போஸ்ட்கிரஸையோ தனியாக நிறுவ வேண்டாம்.

முதலில் டொக்கர்பைல், அதாவது இமேஜைக் கட்டும் படிகளை எழுதும் பைல். இமேஜ் என்பது கொன்டெய்னர் கிளம்பும் அச்சு. அடிப்படை இமேஜாக நோட் 22-ஸ்லிம் எடுங்கள். முழு நோட் இமேஜ் டிஸ்க்கில் ஒரு ஜிபியைத் தாண்டும். ஸ்லிம் அதில் கால்வாசி அளவுதான். அடுத்தது வரிகளின் ஒழுங்கு, டெம்ப்ளேட்டின் உயிரே இதில்தான். அப்புக்குத் தேவையான பேக்கேஜ்களின் பட்டியலான பேக்கேஜ் ஜேசன், பேக்கேஜ்-லொக் ஜேசன் இரண்டை மட்டும் முதலில் கொப்பி பண்ணி, பேக்கேஜ்களை நிறுவும் என்பிஎம் சிஐ கட்டளையை ஓடவிட்டு, பிறகே மற்ற பைல்களைக் கொப்பி பண்ணுங்கள். ஒரு லேயர் (ஒரு வரி உண்டாக்கும் அடுக்கு) மாறினால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் டொக்கர் திரும்பக் கட்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொப்பி பண்ணியிருந்தால், ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் பேக்கேஜ்கள் முழுவதும் மறுபடி இறங்கும். வெள்ளவத்தையில் மொபைல் டேட்டாவை நம்பி வேலை செய்பவருக்கு இது கைக்காசு.

இமேஜுக்குள் போகக்கூடாதவற்றை எழுதும் டொக்கர்இக்னோர் பைலில் நோட்-மொடியூல்ஸ், கிட், என்வ் மூன்றையும் போடுங்கள். என்வ் விடுபட்டால் அதிலுள்ள பாஸ்வேர்ட் இமேஜுக்குள் போய்விடும்.

பல கொன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் கொம்போஸ் பைலில் வெப் (நம் அப்), டிபி (போஸ்ட்கிரஸ்) என இரண்டு சேர்விஸ். போஸ்ட்கிரஸுக்கு 17 என்று வேர்ஷனை எழுதியே வையுங்கள். லேட்டஸ்ட் என்று விட்டால், அடுத்த பெரிய வேர்ஷன் இறங்கும் நாளில் அது பழைய டேட்டாவைத் திறக்காது. டேட்டாவுக்கு ஒரு வொலியூம், அதாவது கொன்டெய்னர் அழிந்தாலும் மிஞ்சும் சேமிப்பிடம், கட்டாயம். எல்லாவற்றையும் நிறுத்தும் கொம்போஸ் டவுன் கட்டளையோடு ‘-வி’ சேர்த்தால் அந்த வொலியூமும் அழியும், கவனம்.

இப்போது ‘டொக்கர் கொம்போஸ் அப்’ கட்டளையால் இரண்டையும் கிளப்புங்கள். டேட்டாபேஸ் இணைப்பு மறுக்கப்பட்டால், முகவரியில் லோக்கல்ஹோஸ்ட் இருக்கிறதா பாருங்கள். கொன்டெய்னருக்குள் அது அந்தக் கொன்டெய்னரையே குறிக்கும். சேர்விஸின் பெயரான ‘டிபி’ என்று மாற்றுங்கள். அதுவும் சரியென்றால், போஸ்ட்கிரஸ் தயாராகுமுன் வெப் கிளம்பியிருக்கும். கிளம்பும் ஒழுங்கைச் சொல்லும் டிபென்ட்ஸ்-ஒன் மட்டும் போதாது. போஸ்ட்கிரஸ் தயாரா என்று பார்க்கும் பிஜி-இஸ்ரெடியை ஹெல்த்செக்காக வைத்து, சேர்விஸ்-ஹெல்த்தி நிபந்தனையும் கொடுங்கள். பிரவுசரில் மட்டும் பக்கம் வரவில்லையா? சேவர் 127.0.0.1இல், அதாவது கொன்டெய்னருக்குள்ளிருந்து வருவதை மட்டும், கேட்டுக்கொண்டிருக்கும்; வெளியிலிருந்து வருவதையும் கேட்க 0.0.0.0 ஆக்குங்கள்.

கடைசியாக நேரம். கொன்டெய்னர் வழமையாக யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் ஓடும். கொழும்பில் காலை 5 மணிக்கு வந்த பாண் ஓடர், முந்தின நாள் இரவு 11.30 என்று பதிவாகும். டேட்டாபேஸில் யூடிசியே இருக்கட்டும். காட்டும்போது ‘ஏசியா/கொலம்போ’ வலயத்துக்கு மாற்றுங்கள். கையால் ஐந்தரை மணித்தியாலம் கூட்டவே வேண்டாம்: 1996 முதல் 2006 வரை இலங்கை நேரம் வேறாக இருந்ததால், அந்தக் காலத்துப் பதிவுகள் பிழையாக வரும்.