தன்பாலீர்ப்பு கவ்பாய் காதல் கதைகள்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க மேற்குப் பகுதியில் மாடு மேய்க்கும் கவ்பாய்கள் இருவர் காதலிக்கும் கதைகளில் அடிக்கடி கண்ணில் படும் தவறு, கடைசி அத்தியாயத்தில் வரும் அப்பாவின் வசனம். கதை முழுக்க முறைத்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று எல்லார் முன்னாலும் எழுந்து, “உன் மனசுக்குப் பிடித்தவன் எனக்கும் மகன்தான்” என்கிறார். ஊரே கைதட்டுகிறது. ஆனால் வயோமிங், மொன்டானா மாநிலங்களின் பண்ணைக்காரர்கள் பலரும் அவ்வளவு பேசுகிறவர்கள் இல்லை. ஒருவரை ஏற்றுக்கொண்டது அங்கே வேலையில் தெரியும்.

வசந்த காலத்தில், யாருடைய மாடு என்று தெரிய கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கூலி வாங்காமல் வந்து நிற்பார்கள். பிறகு அவர்கள் பண்ணைக்கு இவர்கள் போக வேண்டும். குதிரைமேல் இருப்பவர் கன்றின் பின்னங்கால்களில் சுருக்கு வீசி, நெருப்புப் பக்கம் இழுத்து வருவார். கீழே இருவர் கன்றை அமுக்கிப் பிடிக்க, ஒருவர் சூட்டுக்கோல் வைப்பார், ஒருவர் தடுப்பூசி போடுவார், இன்னொருவர் காயடிப்பார். வேலை முடிந்ததும் எல்லாருக்கும் சாப்பாடு. இதில் யார் குதிரை ஏறிக் கயிறு வீசுவது என்பதைப் பண்ணைக்காரர்தான் சொல்வார். அந்த அழைப்பு ஒரு மரியாதை. மகனின் காதலனைப் பார்த்து அவர், “சேணம் போடுப்பா, இன்றைக்குக் கயிறு உன்னிடம்” என்று சொன்னால் போதும். சுற்றி நிற்கிற அத்தனை பேருக்கும் விஷயம் புரிந்துவிடும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, வீரச்செயல். வெறுத்தவரின் பேரனை நாயகன் வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறான், உடனே ஊர் மனம் மாறுகிறது. படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. கடன் வாங்கித் திருப்பித் தராதவனுக்கும், வேலியைச் சரிசெய்யாத சோம்பேறிக்கும் அந்த ஊரில் இடம் இருக்கிறதே. இவன் மட்டும் உயிரைப் பணயம் வைத்து இடம் வாங்க வேண்டுமா? அவனையும் சாதாரண ஆளாக இருக்க விடுங்கள். உறைபனி இரவில் தலையீற்றுக் கிடாரி ஈன முடியாமல் தவிக்கிறது. கன்றின் முன்னங்கால்களில் சங்கிலி மாட்டி, மாடு முக்கும்போது மட்டும் இழுத்து, அது முக்குவதை நிறுத்தும்போது இவர்களும் நிறுத்தி, ஒருவழியாக வெளியே எடுக்கிறார்கள். ஒருவன் கன்றைத் துடைக்கிறான், இன்னொருவன் சீம்பால் குடிக்க வைக்கிறான். காதல் காட்சிக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

அப்புறம், ஊரைவிட்டு அனுப்பிவிடுவது. பிரச்சினை முற்றியதும் இருவரையும் டென்வருக்கோ சான் பிரான்சிஸ்கோவுக்கோ ஏற்றிவிட்டுச் சுபம் போடுகிறார்கள். நகரத்தில் நிம்மதி தேடிப் போனவர்கள் நிறைய உண்டு, உண்மைதான். ஆனால் நிலத்தோடும் மாட்டோடும் வளர்ந்தவனுக்கு நிலத்தை விடுவது பாதி உயிரை விடுவது போல. கதை அந்த இழப்பைக் கண்டுகொள்ளாமல் போகக் கூடாது.

நிலம் என்றால் பத்திரமும் உண்டு. இதைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். ஓக்லஹோமாவில் இரண்டு ஆண்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே பண்ணையில் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஒருவர் இறந்தார். பண்ணையைத் துணைவருக்கு எழுதிவைத்திருந்தார், ஆனால் உயிலில் சாட்சிக் கையெழுத்து ஒன்று குறைந்தது. இறந்தவரின் உறவினர்கள் வழக்குப் போட்டார்கள், பண்ணை கைமாறிப் போனது. கணவன் மனைவியாக இருந்திருந்தால், உயில் செல்லாமல் போனாலும் சட்டப்படி ஒரு பங்கு வந்திருக்கும். வயோமிங்கில் ஒருபாலினத் திருமணம் சட்டமானது 2014 அக்டோபரில். நாடு முழுவதற்கும் 2015 ஜூனில். டெக்சாஸில் 2003இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை ஆண்கள் இருவரின் உடலுறவே குற்றம். ஆகவே கதை எந்த ஆண்டில், எந்த மாநிலத்தில் நடக்கிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 1985இல் நடக்கும் கதையில் பயப்படுவதற்கு எவ்வளவோ இருந்தது. 2020இல் நடக்கும் கதையில் திருமணப் பதிவு முடிந்திருக்கும். கடைத்தெருவில் கைகோத்து நடக்க அப்போதும் தயங்கலாம். மாத்யூ ஷெப்பர்டு என்ற 21 வயது மாணவர் 1998 அக்டோபரில் வயோமிங்கின் லாரமியில் தாக்கப்பட்டு இறந்ததை அந்தப் பக்கத்து மக்கள் மறந்துவிடவில்லை.

அதற்காக உலகத்திலேயே இவர்கள் இரண்டு பேர்தான் இப்படி என்பதுபோல எழுதுவதும் சரியில்லை. 1976இல் நெவாடாவின் ரீனோவில் தன்பாலீர்ப்பாளர்களுக்கான முதல் ரோடியோ, அதாவது காளை ஏறுவது, கயிறு வீசுவது போன்ற கவ்பாய் போட்டிகளின் திருவிழா, நடந்தது. 1985இல் அதற்கென்று சர்வதேசச் சங்கமே அமைந்தது. வழக்கமான ரோடியோக்களில் காளைமேல் ஏறுவது பெரும்பாலும் ஆண்கள்தான். இங்கே எல்லாப் போட்டியிலும் பெண்களும் உண்டு. இருவர் ஓடிப்போய், கட்டிவைத்த ஆட்டுக்கு ஜட்டி மாட்டிவிட்டுத் திரும்பும் போட்டிகூட உண்டு. தனியாக வளர்ந்த ஒருவன் முதல் முறை அந்த மைதானத்துக்குள் நுழைவதை யாராவது பொறுமையாக எழுத வேண்டும்.

எல்லாரையும் வெள்ளையராக்குவதும் வேண்டாம். கவ்பாய் தொழிலே மெக்சிகோவின் வக்கேரோக்கள் என்ற மாடு மேய்ப்பவர்களிடமிருந்து வந்தது. கறுப்பின கவ்பாய்களும் ஏராளம்.

‘புரோக்பேக் மவுண்டன்’ பற்றி ஒரு வார்த்தை. இரண்டு ஆண்களின் காதலைச் சொல்லி 1997இல் சிறுகதையாக வந்து 2005இல் படமான அது பெரிய படைப்பு. ஆனால் அது துயரக் கதை. ரொமான்ஸ் என்று சொல்லி விற்கும் கதையில் முடிவு நம்பிக்கை தர வேண்டும் என்பது அந்த வகையின் அடிப்படை விதி. ஒருவனைச் சாகடித்தால்தான் கனம் வரும் என்று நினைத்து எழுதினால், அவர்கள் நன்றாக வாழ்வதைப் பார்க்க வந்த வாசகரை ஏமாற்றுகிறீர்கள்.

கல்யாணத்தோடு முடிப்பதென்றால் தேதியைப் பார்த்து வையுங்கள். பிப்ரவரி, மார்ச் கன்று ஈனும் காலம், பண்ணையைவிட்டு யாரும் நகர முடியாது. மே மாதம் சூடு போடுவதில் போய்விடும். ஜூலையில் புல் அறுக்கத் தொடங்கிவிடுவார்கள். ஜூன் நடுவில் வைத்தால் அக்கம்பக்கத்தார் எல்லாரும் வரலாம்.